"எந்த ஊர்?" என்று கேட்டால் என்ன சொல்கிறீர்கள்? மூன்று பதில் சொல்லி மாட்டிக்கொண்டேன்

நாலுபெட்டி

புது வேலையில் சேர்ந்து இரண்டு வாரம் ஆகிறது. முதல் நாள் லிஃப்டில் ஒருவர் "எந்த ஊர்?" என்றார். கடைசியாக ஆறு வருடம் இருந்த நாட்டைச் சொன்னேன். பெட்டிகளோடு அங்கிருந்துதானே வந்து இறங்கினேன். மறுநாள் பக்கத்து இருக்கைக்காரர் கேட்டார். அவர் என் பெயரை மெதுவாக எழுத்துக் கூட்டிவிட்டுக் கேட்டதால் பிறந்த நாட்டைச் சொன்னேன். நான்காம் நாள் சம்பளப் பிரிவு அம்மா கேட்டபோது அவர் கையிலேயே என் பாஸ்போர்ட் நகல் இருந்தது. அதில் இருக்கிற நாட்டைச் சொல்லிவிட்டேன்.

மூன்றும் உண்மை. ஆனால் வெள்ளிக்கிழமை மூவரும் ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறார்கள். பேச்சு என்னைப் பற்றித் திரும்பியிருக்கிறது. திங்கள்கிழமை பக்கத்து இருக்கைக்காரர் சிரித்துக்கொண்டே, "இன்னிக்கு எந்த ஊர் சார்?" என்றார். சிரிப்புதான், ஆனால் உள்ளே ஒரு சந்தேகமும் இருந்தது. எதையோ மறைக்கிறவன் என்று நினைத்துவிட்டார்கள் போல.

நாடுகளின் பெயரை இங்கே வேண்டுமென்றே எழுதவில்லை. எழுதினால் பேச்சு அந்த நாடுகளின் அரசியலுக்குப் போய்விடும். பிறந்தது ஒன்று. ஆறு வயதிலிருந்து பதினேழு வரை இரண்டாவது. படிப்பு, முதல் வேலை, குடியுரிமை எல்லாம் மூன்றாவது. அப்புறம் ஆறு வருடம் நான்காவது. இப்போது ஐந்தாவது. உங்களில் பலர் இப்படித்தான் இருப்பீர்கள். நீங்கள் என்ன சொல்லித் தப்பிக்கிறீர்கள்?

---

சுருக்கமாக

கடைசி விமானம் எங்கே ஏறினீங்களோ அதைச் சொல்லுங்க. யாரும் மேல கேட்க மாட்டாங்க.

---

மழைக்காகிதம்

@சுருக்கமாக, மேல கேட்பாங்க தம்பி. அதுதான் பிரச்சினையே. "அது சரி, ஆனா உண்மையில எந்த ஊர்?" என்று ஒரு இரண்டாவது கேள்வி வரும். அந்த "உண்மையில" என்கிற சொல்லை இருபது வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். முதல் கேள்வி எனக்குக் கோபம் தருவதில்லை. முதலில் சொன்னதைப் பொய்யாக்கிவிட்டுக் கேட்கிற இரண்டாவதுதான் உறுத்துகிறது.

---

வரிக்கணக்கன்

பிழைப்புக்கு வெளிநாட்டு வருமானக் கணக்குப் பார்க்கிறவன் நான். உங்கள் சிக்கலை வரித்துறைகள் எப்போதோ தீர்த்துவிட்டன என்பதைத் தாழ்மையுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

இரண்டு நாடும் "இவர் எங்கள் ஆள்" என்று உரிமை கொண்டாடினால் என்ன செய்வது? பொருளாதார ஒத்துழைப்பு, வளர்ச்சிக்கான அமைப்பு ஒரு மாதிரி வரி ஒப்பந்தம் வைத்திருக்கிறது. அதன் 4ஆம் பிரிவில் இதற்கென்றே ஒரு படிக்கட்டு இருக்கிறது. உங்களுக்கு நிலையான வீடு எங்கே இருக்கிறது என்பது முதல் படி. இரண்டு இடத்திலும் வீடு இருந்தால் உங்கள் உறவும் பணமும் எந்த நாட்டோடு நெருக்கம் என்று பார்க்கிறார்கள். அதிலும் தெளியாவிட்டால் வழக்கமாக எங்கே தங்குகிறீர்கள் என்று கேட்கிறார்கள். குடியுரிமைக்கு அதன் பிறகுதான் முறை வருகிறது. அதுவும் கைகொடுக்காவிட்டால் இரண்டு நாட்டு அதிகாரிகளும் உட்கார்ந்து பேசி முடித்துக்கொள்வார்கள்.

நான் சொல்ல வந்தது இதுதான்: வீடும் உறவும் முதலில், பாஸ்போர்ட் நான்காவது. பிறந்த இடம் அந்தப் படிக்கட்டிலேயே இல்லை. உணர்ச்சி கொஞ்சமும் இல்லாத ஒரு துறை இந்த வரிசைக்கு வந்து சேர்ந்திருப்பது எனக்கு இன்னும் ஆச்சரியம்தான்.

---

நாலுபெட்டி

@வரிக்கணக்கன், ஐயா, முதல் படியிலேயே வழுக்கிவிட்டேன். ஐந்து நாட்டில் எங்கேயும் சொந்த வீடு கிடையாது. அப்பா அம்மா நாட்டுக்கொருவராக இருக்கிறார்கள் (அது வேறு கதை). தம்பி மூன்றாவது நாட்டில். பணம் எங்கேயும் தங்குவதில்லை.

---

வரிக்கணக்கன்

வாடகை வீடும் கணக்கில் சேரும். சொந்தமா வாடகையா என்பது பேச்சில்லை, எப்போது வேண்டுமானாலும் போய்ப் படுக்க நிரந்தரமாக ஓர் இடம் வைத்திருக்கிறீர்களா என்பதுதான் கேள்வி. பணம் தங்காததற்கு என்னிடம் மருந்தில்லை.

---

படிவப்புலி

நானும் தொழில் ரீதியாகவே வருகிறேன். பதினோரு வருடமாகப் பயண ஆவணங்களைச் சரிபார்க்கிற வேலை.

பாஸ்போர்ட்டுக்கு உலகம் முழுவதும் ஒரே இலக்கணம்தான். சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் 9303 என்ற ஆவணம் அதை வகுக்கிறது. அதன்படி குடியுரிமை கட்டாயம், பிறந்த இடம் நாடுகளின் விருப்பம். போட்டாலும் சரி, விட்டாலும் சரி.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது சுவிட்சர்லாந்து. அவர்கள் பிறந்த இடத்தைப் போடுவதில்லை. அதற்குப் பதிலாக "பூர்வீக ஊர்" என்று ஒன்றைப் போடுகிறார்கள். தலைமுறை தலைமுறையாகக் குடும்பத்தோடு வருகிற ஊர் அது. ஒருவர் அந்த ஊரில் பிறந்திருக்க வேண்டியதில்லை, வாழ்ந்திருக்க வேண்டியதில்லை, எட்டிக்கூடப் பார்த்திருக்க வேண்டியதில்லை. ஆனாலும் அவருடைய பாஸ்போர்ட் அந்த ஊரைத்தான் சொல்லும்.

பாஸ்போர்ட்டின் அடியில் இயந்திரம் படிக்கிற இரண்டு வரி இருக்கும். குடியுரிமையை மூன்றெழுத்தில் எழுதும் இடமும் அங்கே உண்டு. எந்த நாடும் தன் ஆள் என்று ஏற்காதவர்களுக்கு அந்த இடத்தில் எக்ஸ் எக்ஸ் ஏ என்று வரும். முதன்முதலில் அதைக் கையில் வாங்கியபோது நான் அச்சுப்பிழை என்று நினைத்துவிட்டேன். எதிரே நின்றவர் பொறுமையாக விளக்கினார். எத்தனை பேருக்கு விளக்கியிருப்பாரோ.

---

எதிர்ப்பாட்டு

படிவப்புலி கடைசியில் சொன்னதைப் பிடித்துக்கொள்கிறேன். நாலுபெட்டியின் பிரச்சினை வசதியானவர்களின் பிரச்சினை. சொல்வதற்கு நான்கு நாடு இருக்கிறது, எதைச் சொல்வது என்று குழப்பம். ஒன்றுகூட இல்லாதவர்கள் நூறு வருடத்துக்கு மேலாக வரிசையில் நிற்கிறார்கள். 1922இல் நான்சென் பாஸ்போர்ட் என்று ஒன்றை எதற்குக் கொண்டுவந்தார்கள்? ரஷ்யாவிலிருந்து ஓடிவந்தவர்கள் கையில் எந்த நாட்டுக் காகிதமும் செல்லாமல் போனதால்தான். இசையமைப்பாளர் ராஹ்மானினோஃப், ஓவியர் சகால் எல்லாம் அதை வைத்திருந்தவர்கள். நாடற்றவர்களுக்காக 1954இல் ஒரு சர்வதேச ஒப்பந்தமும், அந்த நிலையைக் குறைக்க 1961இல் இன்னொன்றும் போட்டார்கள். இன்னும் தீரவில்லை.

உங்களுக்கு ஒரு மேசையில் மூன்று பேர் சிரித்தார்கள். நீங்களும் கூடச் சிரித்துவிட்டு வேலையைப் பாருங்கள்.

---

மழைக்காகிதம்

ஒருத்தருக்குக் கால் ஒடிந்திருக்கிறது என்பதற்காக இன்னொருத்தர் செருப்புக் கடிக்கிறது என்று சொல்லக் கூடாதா, @எதிர்ப்பாட்டு?

---

படிவப்புலி

இரண்டு பேரும் சண்டை போடுவதற்கு முன் ஒரு வழக்கைக் கேளுங்கள். நோட்டபோம் என்பவர் 1881இல் ஜெர்மனியின் ஹாம்பர்கில் பிறந்தார். 1905இல் குவாத்தமாலா போனார். வியாபாரம், சொத்து, வாழ்க்கை எல்லாம் அங்கேதான், முப்பது வருடத்துக்கு மேல். 1939இல் போர் தொடங்கிய பிறகு லீக்டன்ஸ்டைன் நாட்டுக் குடியுரிமை வாங்கினார். ஜெர்மன் குடியுரிமை போனது. தான் இனி நடுநிலை நாட்டுக்காரன் என்று நினைத்தார். குவாத்தமாலா ஒத்துக்கொள்ளவில்லை. 1943இல் எதிரி நாட்டவராகப் பிடித்து அனுப்பிவிட்டது, சொத்தும் போயிற்று.

அவருக்காக லீக்டன்ஸ்டைன் சர்வதேச நீதிமன்றத்துக்குப் போனது. 1955இல் தீர்ப்பு. அந்தக் குடியுரிமைக்கும் அவருக்கும் உண்மையான பிணைப்பு எதுவும் இல்லை, அதனால் குவாத்தமாலா அதை மதிக்க வேண்டியதில்லை என்று சொல்லிவிட்டார்கள். அந்தத் தீர்ப்பைக் கடுமையாக விமர்சிக்கிற சட்ட அறிஞர்கள் நிறைய. நானும் அவர்கள் பக்கம்தான். உண்மையான பிணைப்பு வாழ்ந்த நாட்டோடுதான் என்று வைத்துக்கொண்டால், அந்த நாடுதானே அவரைத் தூக்கி வெளியே போட்டது?

---

ஆட்டக்காரன்

நீதிமன்றம் எல்லாம் எதுக்குங்க, கால்பந்துக்கு வாங்க. குபாலா என்று ஒரு ஆட்டக்காரர், புடாபெஸ்டில் பிறந்தவர். செக்கோஸ்லோவாக்கியா, ஹங்கேரி, ஸ்பெயின் என்று மூணு நாட்டுச் சட்டையும் போட்டிருக்கார். இப்ப அப்படியெல்லாம் மாறி மாறி ஆட விதி விடாது.

போவாடெங் சகோதரர்கள் இன்னும் நல்ல உதாரணம். ஒரே அப்பா, வேறு வேறு அம்மா. இரண்டு பேரும் பெர்லினில் பிறந்தவங்க. ஜெரோம் ஜெர்மனிக்கு, கெவின் பிரின்ஸ் கானாவுக்கு. 2010 உலகக் கோப்பையில் எதிரெதிராக ஆடினாங்க, 2014இல் மறுபடியும். பிறந்த ஊரை வைத்து இவங்க ரெண்டு பேருக்கும் நாடு சொல்லிப் பாருங்க.

---

நிலவரை

எல்லோரும் ஆட்கள் நகர்வதைப் பற்றியே பேசுகிறீர்கள். நாடு நகர்ந்தால்?

உஷ்ஹோரோத் என்று ஒரு நகரம். 1910இல் அங்கே பிறந்த ஒருவர் ஆஸ்திரிய ஹங்கேரியப் பேரரசில் பிறந்தவர். முதல் உலகப் போருக்குப் பிறகு அது செக்கோஸ்லோவாக்கியா. 1938இல் ஹங்கேரி. 1945இல் சோவியத் யூனியன். 1991இலிருந்து உக்ரைன். அவர் எண்பத்தோரு வயது வரை இருந்து, வாசற்படியைத் தாண்டாமலே இருந்திருந்தாலும் ஐந்து நாடு பார்த்திருப்பார். நாலுபெட்டிக்குச் சமம், பெட்டிச் செலவு மிச்சம்.

ஆனால் அவரிடம் யாராவது "எந்த ஊர்?" என்று கேட்டால் தயங்கியிருக்க மாட்டார் பாருங்கள். "எந்த நாடு?" என்றால்தான் திணறியிருப்பார்.

---

சொல்லாய்வு

@நிலவரை, அழகான இடத்தைத் தொட்டுவிட்டீர்கள். நம் மொழியில் இந்தக் கேள்வி "நாடு" என்று கேட்பதில்லை, "ஊர்" என்று கேட்கிறது. ஊர் என்பது ரப்பர் மாதிரி. பத்து வீடும் ஊர், நகரமும் ஊர், வெளிநாட்டில் இருந்துகொண்டு சொன்னால் ஒரு நாடு முழுவதுமே ஊர். அதற்குள் பிறந்த ஊர், வளர்ந்த ஊர், சொந்த ஊர், பூர்வீகம் என்று நான்கு அறை. நாலுபெட்டி ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு அறையைத் திறந்து காட்டியிருக்கிறார். கேட்டவர்களோ வீடே அதுதான் என்று நினைத்துவிட்டார்கள்.

நான் ஒரு சோதனை சொல்வேன். பெயர் சொல்லாமல் வெறுமனே "ஊருக்குப் போறேன்" என்று எதைச் சொல்கிறீர்கள்? அதுதான் ஊர்.

(இரண்டாயிரம் வருடத்துக்கு முந்தைய அந்த ஒரு வரியை இந்த இழையில் யாரும் ஒட்டிவிடாதீர்கள் என்று கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன். எல்லாம் நம் ஊர் என்பது பெரிய மனசு. ஆனால் லிஃப்டில் கேட்டவருக்கு அது பதில் ஆகாது.)

---

நாலுபெட்டி

சோதனையில் தோற்றுவிட்டேன் அண்ணா. அம்மாவைப் பார்க்கக் கிளம்பும்போது "ஊருக்குப் போறேன்" என்கிறேன். பத்து நாள் கழித்து அங்கிருந்து கிளம்பும்போதும் அம்மாவிடம் "ஊருக்குப் போறேன்" என்றுதான் சொல்கிறேன். அம்மா ஒருமுறை கேட்டே விட்டார், "அப்போ இது என்னடா?" என்று.

---

மழைக்காகிதம்

அப்பா அம்மா வேலைக்காக நாடு நாடாகப் போய், கூடவே வளர்கிற பிள்ளைகளுக்கு "மூன்றாம் கலாசாரப் பிள்ளைகள்" என்று ஒரு பெயர் உண்டு. அமெரிக்க சமூகவியலாளர் ரூத் ஹில் யூசீமும் அவர் கணவர் ஜானும் 1950களில் உருவாக்கிய கருத்து. அங்கே இந்தியாவில் பணி செய்த அமெரிக்கக் குடும்பங்களைக் கவனித்தபோது தோன்றியது. பெற்றோரின் கலாசாரம் முதலாவது, வாழ்கிற நாட்டினுடையது இரண்டாவது, இரண்டுக்கும் நடுவில் இப்படிப்பட்டவர்கள் தங்களுக்குள் உண்டாக்கிக்கொள்வது மூன்றாவது. ஹோனலுலுவில் பிறந்து, ஆறிலிருந்து பத்து வயது வரை ஜகார்த்தாவில் வளர்ந்த பராக் ஒபாமாவை இதற்கு உதாரணமாகச் சொல்வார்கள்.

பெயர் கிடைத்ததில் எனக்கு ஒரு காலத்தில் பெரிய நிம்மதி. இப்போது அவ்வளவு இல்லை. "எந்த ஊர்?" என்பவரிடம் "நான் மூன்றாம் கலாசாரப் பிள்ளை" என்று நாற்பத்து மூன்று வயதில் எப்படிச் சொல்வது?

என் மகன் இதை வேறு மாதிரி சமாளிக்கிறான். மூன்றாவது பள்ளிக்கு மாறியபோது வகுப்பில் ஐஸ்லாந்து என்று சொல்லியிருக்கிறான். நாங்கள் அந்தப் பக்கமே போனதில்லை. ஏன்டா என்றால், "உண்மையைச் சொன்னா பத்து நிமிஷம் ஆகுதும்மா" என்கிறான். இரண்டு மாதம் நன்றாகத்தான் ஓடியது. பிறகு புவியியல் ஆசிரியை எரிமலைப் பாடத்தை அவனையே எடுக்கச் சொல்லிவிட்டார். ராத்திரி முழுக்க உட்கார்ந்து படித்தான். நல்ல மதிப்பெண்.

---

சுருக்கமாக

பையன் பிழைச்சுக்குவான்.

---

வரிக்கணக்கன்

ஒரு சின்னத் தகவல். 2024இல் உலகில் 30.4 கோடிப் பேர் நாடு பெயர்ந்து வாழ்கிறார்கள் என்பது ஐ.நா. மதிப்பீடு. அந்தக் கணக்கு பெரும்பாலும் பிறந்த நாட்டையும் இப்போது இருக்கிற நாட்டையும் ஒப்பிட்டு எடுப்பது. நடுவில் எத்தனை நாடு இருந்தாலும் அதில் தெரியாது. ஒருமுறை மாறினவரும் ஒருவர், நான்குமுறை மாறின நாலுபெட்டியும் ஒருவர். நடுப்பக்கங்களைக் கிழித்துவிட்டு அட்டைகளை மட்டும் எண்ணுகிற மாதிரி.

---

எதிர்ப்பாட்டு

இழையை மறுபடி முதலிலிருந்து படித்தேன். முன்பு கொஞ்சம் கடுமையாக எழுதிவிட்டேன், அதற்கு மன்னிப்பு. ஆனால் ஒரு கேள்வி இருக்கிறது @நாலுபெட்டி. வரிக்கணக்கன் "நடுப்பக்கம்" என்றதும்தான் உறைத்தது.

லிஃப்டில் நான்காவது நாடு. பக்கத்து இருக்கைக்காரரிடம் முதல் நாடு. சம்பளப் பிரிவில் மூன்றாவது. ஆறிலிருந்து பதினேழு வரை இருந்தது இரண்டாவது என்கிறீர்கள். நடக்கப் பழகினது போக மற்ற எல்லாமே அங்கேதான் பழகியிருப்பீர்கள். அதை ஏன் ஒருத்தரிடமும் சொல்லவில்லை?

---

நாலுபெட்டி

இரண்டு நாள் கழித்து எழுதுகிறேன். மன்னிக்கவும். கேள்வியைப் பார்த்ததும் மூடிவைத்துவிட்டேன்.

சொல்லவில்லை என்பதை நீங்கள் எழுதும் வரை நான் கவனிக்கவே இல்லை. யோசித்துப் பார்த்தால் இந்த மூன்று பேரிடம் மட்டுமல்ல, யாரிடமும் எப்போதும் சொன்னதில்லை.

நாங்கள் அங்கே அப்பாவின் வேலை அனுமதியோடு ஒட்டிக்கொண்டு இருந்தவர்கள். அவர் வேலை இருக்கும்வரை அம்மா, நான், தம்பி. பதினெட்டு ஆனால் என் ஒட்டு தானாகவே கழன்றுவிடும். சொந்தமாக ஏதாவது அனுமதி வாங்க வேண்டும், அல்லது கிளம்ப வேண்டும். பதினேழரையில் கிளம்பினேன். பள்ளிக்கூடத்தில் என்னோடு படித்தவர்களில் பாதிப் பேர் இப்படி ஆளுக்கொரு திசையில் போனவர்கள்தான், அதனால் அப்போது அது பெரிய விஷயமாகத் தெரியவில்லை. பள்ளியின் கடைசி நாள் மாதிரி ஒன்று, அவ்வளவுதான். அடுத்த வருடம் அப்பாவுக்கும் வேலை முடிந்தது. அங்கே எங்களுக்கென்று ஒரு ஆணிகூட மிச்சமில்லை.

முப்பத்தொரு வயதில் ஒருமுறை போனேன். விசா படிவத்தில் "வருகையின் நோக்கம்" என்று ஒரு கட்டம். சுற்றுலா, வணிகம், உறவினரைப் பார்க்க, மருத்துவம். பதினோரு வருடம் வளர்ந்த இடத்தைப் பார்க்க என்று கட்டம் கிடையாது. சுற்றுலா என்று டிக் அடித்தேன். விமான நிலையத்தில் இருந்த பையன், என்னைவிடப் பத்து வயது சின்னவன், "முதல் தடவையா வர்றீங்களா?" என்றான். அந்த நாட்டு மொழியில் பதில் சொன்னேன். அவன் நிமிர்ந்து பார்த்து, "எங்கே கத்துக்கிட்டீங்க, நல்லா பேசறீங்களே" என்று பாராட்டினான். பாராட்டுத்தான். எனக்கு வாய் வரவில்லை.

பழைய தெருவுக்குப் போனேன். கட்டடம் இருந்தது, எங்கள் ஜன்னலில் வேறு யாருடைய துணியோ காய்ந்தது. எந்தச் சந்து எங்கே திரும்பும் என்று காலுக்குத் தெரிந்தது. கூகுள் வரைபடத்தை ஒருமுறைகூடத் திறக்கவில்லை. மூன்றாவது நாட்டில் பன்னிரண்டு வருடம் இருந்தும் இன்றைக்கும் வரைபடம் பார்த்துத்தான் போகிறேன்.

இதெல்லாம் இருந்தும் ஏன் சொல்வதில்லை? "அப்படியா, அப்போ அந்த நாட்டுக்காரரா?" என்று அடுத்து கேட்டால் காட்டுவதற்கு என்னிடம் ஒன்றுமில்லை. பிறந்த நாட்டுக்குப் பிறப்புச் சான்றிதழ் இருக்கிறது. மூன்றாவதற்குப் பாஸ்போர்ட் இருக்கிறது. நான்காவதில் வேலை செய்ததற்குக் கடிதம் இருக்கிறது. அந்த ஒரு நாட்டுக்கு மட்டும் காலாவதியான ஓர் அடையாள அட்டை. அதில் இருக்கிற பையனுக்கு முன்பல் இல்லை.

---

படிவப்புலி

தொழில் ரீதியாகச் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. அந்த அட்டையை மட்டும் தொலைத்துவிடாதீர்கள்.

---

மழைக்காகிதம்

இதைப் படித்ததும் எழுத்தாளர் டையே செலாசி 2014இல் ஒரு மேடையில் சொன்ன யோசனை ஞாபகம் வந்தது. அவர் லண்டனில் பிறந்து அமெரிக்காவில் வளர்ந்தவர், பெற்றோர் ஆப்பிரிக்க வேர் கொண்டவர்கள். எந்த நாடு என்று கேட்காதீர்கள், எந்த இடத்தில் உள்ளூர்வாசி என்று கேளுங்கள் என்றார். அன்றாடப் பழக்கங்கள் எங்கே, உறவுகள் எங்கே, எங்கே வாழ உங்களுக்குத் தடை என்று மூன்று விஷயம் பார்க்கச் சொல்கிறார்.

மூன்றாவதைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது. நாலுபெட்டி அந்த ஊரைச் சொல்லாததற்கு மனசு காரணமில்லை, தடைதான் காரணம். திரும்பிப் போய் இருக்க முடியாத இடத்தைத் தன் ஊர் என்று சொல்ல நாக்கு கூசுகிறது.

---

சொல்லாய்வு

ஒத்துக்கொள்கிறேன், ஆனால் "நீங்கள் எங்கே உள்ளூர்வாசி?" என்று லிஃப்டில் கேட்டால் கதவு திறந்ததும் ஓடிவிடுவார்கள். என் சோதனையையும் திருத்திக்கொள்கிறேன். ஊருக்குப் போறேன் என்று எதைச் சொல்கிறோம் என்பது போதாது. வரைபடம் இல்லாமல் எங்கே நடக்க முடிகிறது என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

---

ஆட்டக்காரன்

எங்கப்பா சொந்த ஊர்லயே வழி தவறுவார். அவருக்கு என்ன பண்றது?

---

நாலுபெட்டி

கடைசியாக ஒரு தகவல். நேற்று சாப்பாட்டு நேரத்தில் நானே அந்த மேசைக்குப் போனேன். மூவரும் இருந்தார்கள். "நீங்க கேட்டப்போ ஆளுக்கொன்று சொன்னேன், மூன்றும் சரிதான். ஆனா வளர்ந்தது இந்த ஊர்" என்று இரண்டாவது நாட்டின் பெயரை, அந்தத் தெருப் பெயரோடு சேர்த்தே சொன்னேன். ஒரே வாக்கியம்தான். சொன்ன பிறகு கொஞ்சம் வியர்த்தது.

சம்பளப் பிரிவு அம்மா, "அப்பாடா, அப்போ அஞ்சு நாடு மாறியிருக்கீங்க" என்றார். ஆமாம் என்றேன். "அதைத்தான் அன்னிக்கே கேட்க வந்தேன். அடுத்த மாசம் நாங்க வீடு மாத்தறோம். சாமான் கட்டறது எப்படின்னு உங்ககிட்ட கேட்டா தெரியும்னு நெனச்சேன்" என்றார்.

இருபது நிமிடம் அட்டைப்பெட்டி பற்றிப் பேசினோம். பெட்டி மேல் உள்ளே என்ன இருக்கிறது என்று எழுதாதீர்கள், புது வீட்டில் எந்த அறைக்குப் போக வேண்டும் என்று எழுதுங்கள் என்று சொன்னேன். அவர் காகிதம் எடுத்துக் குறித்துக்கொண்டார்.

---

படிவப்புலி

இரண்டையும் எழுத வேண்டும். பெட்டி ஒன்று தொலைந்தால் உள்ளே என்ன இருந்தது என்றுதான் முதலில் கேட்பார்கள்.

---

சுருக்கமாக

மேல்பக்கம் மட்டும் எழுதாதீங்க, பக்கவாட்டுலயும் எழுதுங்க. ஒன்று மேல ஒன்று அடுக்கினா மேல இருக்கிறது தெரியாது.